மோட்டார்ஹோமில் பனிக்காலப் பயணம்: தண்ணீர் அமைப்பை உறையாமல் வைத்திருப்பது எப்படி

பனிக்காலத்தில் மோட்டார்ஹோமை, அதாவது தங்கிச் சமைத்துத் தூங்கும் வசதியுள்ள வண்டியை, எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர், நன்னீர்த் தொட்டி உறைந்துவிடுமோ என்றுதான் முதலில் கவலைப்படுகிறார்கள். ஆனால் வண்டியில் இருக்கும் தண்ணீரில் கடைசியாக உறைவது பெரும்பாலும் அந்தத் தொட்டித் தண்ணீர்தான். 10 டிகிரி செல்சியஸில் உள்ள 100 லிட்டர் தண்ணீர் 0 டிகிரிக்கு இறங்க ஏறத்தாழ 4 மெகாஜூல் வெப்பத்தை இழந்தால் போதும்; அதே தண்ணீர் முழுவதும் பனிக்கட்டியாக மாற மேலும் 33 மெகாஜூல், அதாவது 9 யூனிட் மின்சாரத்துக்குச் சற்று மேற்பட்ட வெப்பத்தை இழந்தாக வேண்டும். வண்டிக்கு அடியில் காற்றுப் படும்படி பொருத்தப்பட்ட தொட்டிகூட ஒரே இரவில் அவ்வளவையும் இழப்பது அரிது. அரை அங்குல பைப்பின் நிலை வேறு. அதற்குள் ஒரு மீட்டர் நீளத்தில் நிற்கும் தண்ணீர் 130 மில்லிலிட்டர் அளவுக்குத்தான் வரும்; காற்றுப் புகும் சுவரோரத்தில் அது சில மணி நேரத்திலேயே கெட்டியாகிவிடும். எனவே தொட்டியைக் காப்பதற்குச் செலவிடும் கவனத்தைவிட அதிகமான கவனத்தைப் பைப், பம்பு, வால்வு ஆகியவற்றில் தேங்கி நிற்கும் சிறு அளவுத் தண்ணீரின் மீது செலுத்த வேண்டும்.

தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. பனிக்கட்டி விரிந்து பைப்பை நேரடியாகப் பிளந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பல வேளைகளில் உடைப்பு வேறு விதமாக நிகழ்கிறது. பைப்பின் நடுவில் எங்கோ உருவான பனிக்கட்டி வளர வளர, அதற்கும் மூடியிருக்கும் குழாய்க்கும் இடையில் அகப்பட்டுக்கொண்ட, இன்னும் உறையாத தண்ணீர் நெருக்கப்பட்டு அதன் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் அந்தப் பாதையில் எந்தப் பாகம் பலவீனமாக இருக்கிறதோ அது விட்டுக்கொடுக்கிறது. இன்றைய வண்டிகளில் பரவலாக உள்ள பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் பைப் ஓரளவு விரிந்து சமாளிக்கும். பிளாஸ்டிக் எல்போ, பம்பின் தலைப்பகுதி, ஃபில்டர் கிண்ணம், குழாய்க்குள் இருக்கும் கார்ட்ரிட்ஜ், கழிப்பறையின் நீர் வால்வு, வெளி இணைப்பில் உள்ள ஒருவழி வால்வு ஆகியவற்றுக்கு அந்த நெகிழ்வு கிடையாது. பனிக்காலத்துக்குப் பிறகு கசிகிற வண்டிகளைப் பார்த்தால் பைப் நன்றாகவே இருக்கும். கசிவு இவற்றில் ஏதோ ஒன்றில்தான் இருக்கும்.

இதிலிருந்து செலவே இல்லாத ஒரு பழக்கம் கிடைக்கிறது. இரவு படுக்கும் முன் பம்பை அணைத்துவிட்டு, சிங்கில் உள்ள குழாயைக் கணநேரம் திறந்து, வெந்நீர்ப் பாதை, தண்ணீர்ப் பாதை இரண்டிலும் உள்ள அழுத்தத்தை வெளியேற்றிவிட வேண்டும். இதனால் உறைதல் நிற்காது; ஆனால் உறைந்தாலும் அழுத்தம் ஏறுவதற்கான வாய்ப்பு குறையும், ஏதாவது உடைந்தாலும் தூக்கத்தில் இருக்கும்போது பம்பு இயங்கி முழுத் தொட்டியையும் தரையில் கொட்டிவிடாது.

வண்டியை முதலில் அறிந்துகொள்ளுதல்

குளிர் தொடங்குவதற்கு முன்பே, டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் வண்டிக்குள் நுழையும் இடத்திலிருந்து வெளியேறும் இடம் வரை பாதை முழுவதையும் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுவது நல்லது. எந்தப் பைப் வெளிச்சுவரை ஒட்டிப் போகிறது, எது அலமாரிக்குப் பின்னால் மறைந்திருக்கிறது, எது தரைக்கு அடியில் இறங்குகிறது, வடிகால் வால்வுகள் எங்கே உள்ளன, தண்ணீர் வாட்டர் ஹீட்டருக்குள் போகாமல் சுற்றிச் செல்ல வைக்கும் பைபாஸ் வால்வு எங்கே இருக்கிறது என்பவற்றைத் தாளில் வரைந்து வைத்துக்கொண்டால், பின்னொரு நாள் இருட்டில் கை விறைக்கும் குளிரில் தேட வேண்டியிருக்காது. வெளிப்புற ஷவர், ஐஸ் மேக்கர், வாஷிங் மெஷின் போன்றவை இருந்தால் அவற்றுக்குப் போகும் கிளைகளைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். மறந்துபோகிற கிளைகள் பெரும்பாலும் இவைதான். வெளிப்புற ஷவரைக் குளிர்காலம் முழுவதும் வடித்துக் காலியாக வைத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

விற்பனைத் தாளில் 'நான்கு பருவத்துக்கும் ஏற்றது' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. அந்தச் சொற்றொடருக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் எதுவும் இல்லை. ஐரோப்பாவில் இஎன் 1646-1 என்ற நெறிமுறை வண்டிகளை வெப்பக்காப்பு அடிப்படையில் தரம் பிரிக்கிறது. அதில் மூன்றாம் தரம் பெற்ற வண்டி, வெளியே மைனஸ் 15 டிகிரி இருக்கும்போதும் உள்ளே 20 டிகிரியை எட்ட வேண்டும், அதன் தண்ணீர் அமைப்பும் இயங்க வேண்டும். அப்படிச் சோதிக்கப்பட்ட வண்டி என்றால் ஓரளவு நம்பலாம். மற்றபடி, கம்பி முனையுள்ள இரண்டு மூன்று மலிவான டிஜிட்டல் வெப்பமானிகளை வாங்கி, ஒன்றைப் பம்பின் அருகிலும், ஒன்றை வால்வுகள் உள்ள வெளி அறையிலும், ஒன்றைத் தரைக்கு அடியில் பைப் செல்லும் இடத்திலும் வைத்து, உள்ளிருந்தபடியே பார்த்துவருவதுதான் உங்கள் வண்டியைப் பற்றி நம்பத்தக்க விதத்தில் தெரிந்துகொள்ளும் வழி. படுக்கையறையில் 20 டிகிரி காட்டும் அதே வேளையில் பம்பு இருக்கும் மூலையில் 2 டிகிரி காட்டுவது சாதாரணமாக நடக்கக்கூடியது.

தண்ணீரோடு போவதா, வடித்துவிட்டுப் போவதா

இந்த முடிவை வழியில் எடுப்பதைவிடக் கிளம்பும் முன்பே எடுத்துவிட வேண்டும். இரவில் மட்டும் 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே இறங்கி, பகலில் மீண்டும் ஏறிவிடும் இடங்களில், உள்ளே வெப்பம் இருந்தால் எந்தச் சாதாரண வண்டியிலும் தண்ணீரைப் பயன்படுத்தலாம். பகலிலும் 0 டிகிரியைத் தாண்டாத நாட்கள் தொடர்ந்து வந்தால், பைப் முழுவதும் வெப்பமான பகுதிக்குள் செல்லும் வண்டிகளுக்கு மட்டுமே அது பொருந்தும். இரவில் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போகும் இடங்களுக்கு, வெப்பமூட்டப்பட்ட இரட்டைத் தரை இல்லாத வண்டியில் செல்கிறவர்கள், தண்ணீர் அமைப்பை வடித்துவிட்டுப் போவதே புத்திசாலித்தனம். இவை கறாரான எல்லைகள் அல்ல; காற்றின் வேகம், வண்டியின் வயது, வெப்பக்காப்பு ஆகியவற்றைப் பொறுத்து இரண்டு மூன்று டிகிரி முன்பின் ஆகலாம்.

காற்றைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. பலத்த காற்றில் 'மைனஸ் 5 போல உணரப்படும்' என்று வானிலை அறிக்கை சொன்னாலும், உண்மையான வெப்பநிலை 2 டிகிரியாக இருந்தால் பைப் உறையாது. காற்று எதையும் சுற்றுப்புற வெப்பநிலைக்குக் கீழே குளிர்விக்காது. ஆனால் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது காற்று அந்தக் குளிர்ச்சியை மிக வேகமாகக் கொண்டுவந்து சேர்க்கும். நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரில் ஓடும் வண்டியின் அடிப்பகுதிக்கு அது ஓயாத புயல்தான். நின்ற இடத்தில் இரவு முழுவதும் தாங்கிய வால்வு, மறுநாள் காலை ஓட்டத்தில் உறைந்துபோவது இதனால்தான். எஞ்சினின் வெப்பம் ஓட்டுநர் இருக்கைப் பகுதியை மட்டும் சூடாக்கும்; பின்பகுதிப் பைப்புகளுக்கு அது போய்ச் சேராது. ஓடும்போது இயக்க அனுமதிக்கப்பட்ட ஹீட்டர் வண்டியில் இருந்தால் அதைக் குறைந்த அளவில் இயக்கலாம். மோதல் சென்சார் போன்ற பாதுகாப்பு ஏற்பாடு இல்லாத கேஸ் ஹீட்டரை ஓட்டத்தில் இயக்கக் கூடாது. அத்தகைய வண்டியில் நீண்ட பயண நாளுக்கு முன் பைப்புகளை வடித்துவிடுவதுதான் எளிது.

தண்ணீரோடு வாழும்போது

வெப்பத்தை எப்படித் தருகிறீர்கள் என்பதே இங்கே முதன்மையானது. கேஸ் அல்லது டீசலில் இயங்கும் வண்டியின் சொந்த ஹீட்டர், குழல்கள் வழியாகச் சூடான காற்றை அறைக்கு மட்டுமின்றித் தொட்டிகள் இருக்கும் அடிப்பகுதிக்கும் அனுப்பும்படி பல வண்டிகளில் அமைக்கப்பட்டிருக்கிறது. மின் இணைப்பு கிடைத்ததும் கேஸை மிச்சப்படுத்த நினைத்து, சிறிய மின் ஹீட்டர் ஒன்றை அறைக்குள் வைத்துக்கொள்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அறை இதமாக ஆனதும் வண்டியின் தெர்மோஸ்டாட் சொந்த ஹீட்டரை அணைத்துவிடும். அறையில் இருப்பவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது, அடியில் இருக்கும் பைப்புகளோ அமைதியாக உறையும். மின் ஹீட்டரைத் துணையாக வைத்துக்கொள்ளலாம். கடுங்குளிர் இரவில் சொந்த ஹீட்டர் அவ்வப்போதேனும் ஓடும்படி வெப்பநிலையை அமைத்துக்கொள்ள வேண்டும்.

இரவில் சிங்குக்குக் கீழே உள்ள கதவுகள், பம்பு அறையின் மூடி, படுக்கைக்கு அடியில் பைப் செல்லும் அறை ஆகியவற்றைத் திறந்து வைத்தால் அறைக் காற்று உள்ளே புகும். சூடான காற்று வரும் துளைகளின் மேல் துணிமணிகளையும் பைகளையும் குவித்து வைக்கக் கூடாது. சிலர் வெப்பம் வீணாகக் கூடாது என்று இரவில் தெர்மோஸ்டாட்டை 10 டிகிரிக்கு இறக்கிவிட்டு, தடித்த போர்வைக்குள் நன்றாகவே தூங்குகிறார்கள். பைப்புகளுக்குப் போர்வை இல்லை. கடுங்குளிர் இரவில் அறையை 15 டிகிரிக்குக் கீழே இறக்காமல் இருப்பது நல்லது.

தொட்டிகளுக்கு அடியில் ஒட்டப்படும் 12 வோல்ட் வெப்பத் தகடுகள் பயனுள்ளவை. பெரும்பாலானவற்றில் உள்ள தெர்மோஸ்டாட், 5 முதல் 7 டிகிரி அளவில் தகட்டை இயக்கி, 18 முதல் 20 டிகிரியில் நிறுத்திவிடும். காலியான தொட்டியில் இவற்றை இயக்கக் கூடாது. தகட்டுக்கு மேலே திரவம் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் பல ஆம்பியர் மின்சாரத்தை இழுப்பதால், மின் இணைப்பு இல்லாத இடத்தில் நன்னீர், கழுவுநீர், மலக்கழிவு ஆகிய மூன்று தொட்டிகளுக்கும் சேர்த்து இயக்கினால் விடியும் முன் பேட்டரி தீர்ந்துபோகலாம். அதோடு, தகடு தொட்டியைக் காக்குமே தவிர, தொட்டியிலிருந்து பம்புக்குப் போகும் பைப்பைக் காக்காது. அந்தப் பகுதிக்குத் தானாக அளவைச் சரிசெய்துகொள்ளும் வெப்பக் கம்பியைச் சுற்றி, அதற்கு மேல் நுரை உறை போடலாம். வெறும் நுரை உறையை மட்டும் போட்டால் உறைதல் தள்ளிப்போகும், அவ்வளவுதான். வெப்பம் வரும் வழி எதுவும் இல்லாத இடத்தில் வெப்பக்காப்பு நேரத்தை மட்டுமே வாங்கித் தரும்.

முகாமில் வெளிக்குழாயிலிருந்து ஹோஸைப் போட்டு, அதை அப்படியே இணைத்து வைப்பது கோடைகாலப் பழக்கம். குளிர்காலத்தில் தொட்டியை நிரப்பிவிட்டு, ஹோஸைக் கழற்றி, ஒரு முனையை உயர்த்திப் பிடித்து அதில் உள்ள தண்ணீர் முழுவதையும் வடித்துச் சுருட்டி, உள்ளே வைத்துவிட வேண்டும். பிறகு பம்பு மூலமாகத் தொட்டித் தண்ணீரையே பயன்படுத்தலாம். மின்சாரத்தில் சூடாகும் ஹோஸ்கள் கிடைக்கின்றன, அவை நன்றாகவே வேலை செய்கின்றன. ஆயினும் ஹோஸ் மட்டும் சூடாக இருந்தால் போதாது, அது மாட்டப்பட்ட வெளிக்குழாயும், வண்டியில் அது நுழையும் இணைப்பும் காப்புக்குள் இருக்க வேண்டும். குளிர்நாட்டு முகாம்கள் சிலவற்றில், மூடியதும் தண்ணீர் தானாக மண்ணுக்கு அடியில் இறங்கிவிடும் உறையாத குழாய்கள் நிறுவப்பட்டிருக்கும். அவற்றை முழுவதும் திறக்க வேண்டும் அல்லது முழுவதும் மூட வேண்டும். பாதி திறந்து வைக்கக் கூடாது. மூடிய பிறகும் ஹோஸை மாட்டியே வைத்தால் தண்ணீர் இறங்க வழியில்லாமல் குழாயே உறைந்துவிடக்கூடும்.

வீடுகளில் குளிர் இரவுகளில் குழாயைச் சொட்டவிடும் வழக்கம் உண்டு. அதை வண்டிக்குள் கொண்டுவரக் கூடாது. அந்தச் சொட்டு போய்ச் சேரும் இடம் கழுவுநீர்த் தொட்டி. அது இரவோடு இரவாக நிரம்பும், இல்லையேல் திறந்த வால்வின் வழியே சொட்டுச் சொட்டாக வெளியே போகும் தண்ணீர் வெளியேற்று ஹோஸுக்குள்ளேயே அடுக்கடுக்காக உறைந்து அதை அடைத்துவிடும்.

கழிவுநீர்த் தொட்டிகள்

கழுவுநீர்த் தொட்டியும் மலக்கழிவுத் தொட்டியும் பெரும்பாலும் வண்டியின் அடியில், வெப்பம் எட்டாத இடத்தில் இருக்கின்றன. இங்கேயும் தொட்டியைவிட அதன் வெளியேற்று வால்வுதான் முதலில் உறைகிறது. அதன் பலகையைச் சுற்றி எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும். தொட்டியைக் காலி செய்த உடனே, புரோப்பிலீன் கிளைக்கால் அடிப்படையிலான உறைதடுப்புத் திரவத்தில் ஒன்றிரண்டு லிட்டரைச் சிங்க் வழியாகவும் கழிப்பறை வழியாகவும் ஊற்றிவிட்டால், அது நேராக வால்வின் மேல் போய் நின்று காக்கும். தொட்டி நிறைய நிறைய அது நீர்த்துப்போவதால் ஒவ்வொரு முறையும் காலி செய்த பிறகு மீண்டும் ஊற்ற வேண்டும்.

உப்புப் போடுவதைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். கணக்குப் போட்டால் அதன் பயன் எவ்வளவு என்பது தெரியும்: மைனஸ் 5 டிகிரி வரை உறையாமல் இருக்க ஏறத்தாழ 8 சதவீத உப்புக்கரைசல் தேவை, அதாவது 50 லிட்டர் கழுவுநீருக்கு 4 கிலோவுக்கு மேல். ஒரு கைப்பிடி உப்பினால் மனம் ஆறுதல் அடையுமே தவிர வேறு பயன் இராது. உலோகப் பாகங்களும் அளவு காட்டும் சென்சார்களும் அரிக்கப்படும் என்பதையும் கணக்கில் கொண்டால், எனக்கு இந்த வழி பிடிப்பதில்லை.

ஐரோப்பியப் பனிமுகாம்களில் வேறொரு வழக்கம் உண்டு. கழுவுநீர்த் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்து, அதற்கு நேர் கீழே, நடுவில் நீண்ட ஹோஸ் எதுவும் இல்லாமல், அகலமான வாளியை வைத்துவிடுகிறார்கள். வாளித் தண்ணீர் உறைந்தால் உறையட்டும். அதைக் கவிழ்த்துத் தட்டினால் கட்டியாக விழும், முகாமின் கழிவிடத்தில் போட்டுவிடலாம். வாளி நிரம்பி வழியும் வரை விட்டால் வண்டியின் அடியில் பனித்தளம் உருவாகிவிடும் என்பதால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை பார்க்க வேண்டியிருக்கும். இத்தனை எளிமையான ஏற்பாடு விலையுயர்ந்த வெப்பத் தகட்டைவிடப் பல இரவுகளில் நம்பகமாக இருக்கிறது. ஆனால் இது கழுவுநீருக்கு மட்டும் பொருந்தும்; மலக்கழிவுத் தொட்டியின் வால்வை எக்காரணம் கொண்டும் திறந்து வைக்கக் கூடாது. கழற்றி எடுக்கும் பெட்டி வகைக் கழிப்பறைகளில், பெட்டி இருக்கும் அறையின் வெளிக்கதவு ரப்பர் பட்டையோடு ஒட்டிக்கொண்டு உறைவது வழக்கம். அந்தப் பட்டையில் சிலிக்கோன் தடவிவைத்தால் கதவைத் திறக்கும்போது அது பிய்ந்து வராது.

எந்தக் கழிவுத் தொட்டியையும் குளிர்காலத்தில் விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். முக்கால் பங்கோடு நிறுத்திக் காலி செய்வது, உறைந்தாலும் விரிய இடம் விட்டுவைக்கும்.

வடித்துவிட்டுப் பயணம் செய்தல்

கடுங்குளிர் இடங்களுக்கு இதுவே கவலையில்லாத முறை. குடிக்கவும் சமைக்கவும் 10 லிட்டர் கேன்களில் தண்ணீரை அறைக்குள் வைத்துக்கொண்டு, பாத்திரங்களை டப்பில் கழுவி, முகாமின் குளியலறையைப் பயன்படுத்திக்கொண்டால், பைப்புகளைப் பற்றிய நினைப்பே இல்லாமல் பனிமலையில் பல நாட்கள் இருக்கலாம். கழிப்பறையை உறைதடுப்புத் திரவம் கலந்த தண்ணீரைக் குவளையில் ஊற்றிக் கழுவிக்கொள்ளலாம்.

வடிப்பதில் வரிசை முக்கியம். முதலில் வாட்டர் ஹீட்டரின் கேஸையும் மின்சாரத்தையும் அணைத்து, உள்ளே உள்ள தண்ணீர் ஆறும் வரை காத்திருக்க வேண்டும்; சூடும் அழுத்தமும் உள்ள நிலையில் வடிகால் அடைப்பைக் கழற்றினால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். பம்பை அணைத்து, ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே அடைப்பைக் கழற்ற வேண்டும். சில ஹீட்டர்களில் அந்த அடைப்போடு, ஹீட்டரின் உலோகம் அரிக்காமல் இருக்கத் தான் கரைந்துபோகும் ஆனோடு கம்பி ஒன்று வெளியே வரும். அது பெருமளவு கரைந்திருந்தால் மாற்ற இதுவே தருணம். அதன் பின் நன்னீர்த் தொட்டியின் வடிகாலையும், வண்டியின் தாழ்வான இடங்களில் உள்ள இரண்டு வடிகால்களையும் திறந்து, எல்லாக் குழாய்களையும் திறந்துவிட வேண்டும். ஒற்றைப் பிடி உள்ள குழாய்களில் பிடியை நடுவில் நிறுத்த வேண்டும். ஒரு பக்கமாகத் திருப்பி வைத்தால் மறுபாதைத் தண்ணீர் அப்படியே நின்றுவிடும். ஷவர் தலையைக் கழற்றித் தரையில் கிடத்துங்கள். மேலே தொங்கவிட்டால் அதன் ஹோஸ் வளைவில் தண்ணீர் தங்கும். கழிப்பறையின் நீர் மிதியை அழுத்தி விடுங்கள். தொட்டி காலியானதும் பம்பைச் சில நொடிகள் மட்டும் ஓட்டினால் அதற்குள் தங்கியது வெளியேறும். ஃபில்டர் கிண்ணத்தையும், பம்புக்கு முன்னால் உள்ள சிறிய சல்லடைக் கிண்ணத்தையும் கையால் கழற்றிக் கொட்ட வேண்டும். இவை இரண்டும் தானாக வடிவதில்லை.

ஈர்ப்பு விசையால் மட்டும் வடித்த அமைப்பில் வளைவுகளிலும் எல்போக்களிலும் தண்ணீர் மிஞ்சியிருக்கும். வெளி இணைப்பில் பொருத்தும் அடாப்டர் மூலம் சிறிய ஏர் கம்ப்ரஸரை இணைத்து, அழுத்தத்தை 2 முதல் 3 பாருக்கு மேல் போகாமல் வைத்து, தொலைவில் உள்ள குழாயிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் திறந்து மூடினால், தெறிப்பு நின்று வெறும் காற்று வரும் வரை ஊதிவிடலாம். இதோடு சிங்க், ஷவர் ஆகியவற்றின் அடியில் உள்ள வளைபைப்புகளில் கால் லிட்டர் உறைதடுப்புத் திரவம் ஊற்றினால், குறுகிய பயணத்துக்கு அது போதும்.

மாதக்கணக்கில் நிறுத்தப்போகும் வண்டிக்குப் பைப்புகளிலேயே உறைதடுப்புத் திரவத்தை நிரப்புவது உறுதியானது. ஹீட்டரை பைபாஸில் போட்டுவிட்டு, பம்பின் உறிஞ்சு ஹோஸைத் திரவக் கேனில் இட்டு இயக்கி, ஒவ்வொரு குழாயிலும் இளஞ்சிவப்பு நிறம் தெரியும் வரை திறந்தால் போதும். சாதாரண வண்டிக்கு 8 முதல் 12 லிட்டர் பிடிக்கும். பைபாஸ் போடாமல் விட்டால் ஹீட்டரே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். கேனின் மேல் 'மைனஸ் 50' என்று போட்டிருப்பது பெரும்பாலும் ஃபாரன்ஹீட் அளவு என்பதையும், அது பைப் வெடிக்காமல் காக்கும் எல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அதற்கு வெகு முன்பே திரவம் கூழாகிவிடும், பைப்பில் மிஞ்சிய தண்ணீரோடு கலந்தால் பலம் இன்னும் குறையும். எஞ்சின் ரேடியேட்டருக்கான எத்திலீன் கிளைக்கால் திரவம் கொடிய நஞ்சு. அது தண்ணீர் அமைப்பின் பக்கமே வரக் கூடாது.

வடித்த வண்டியில் மிக எளிதாக நேரும் இழப்பு உறைதலால் வருவதல்ல. காலியான வாட்டர் ஹீட்டரின் மின் சுவிட்சை யாராவது போட்டுவிட்டால் அதன் எலிமென்ட் உடனே கருகிவிடும். 'காலி, போடாதே' என்று எழுதிய டேப்பைச் சுவிட்சின் மேல் ஒட்டுவது சற்று மிகையாகத் தோன்றலாம், ஒட்டிவிடுங்கள்.

தானே வடித்துக்கொள்ளும் ஹீட்டர்களும் உண்டு. ட்ரூமா நிறுவனத்தின் ஹீட்டர்களில் உள்ள ஃப்ராஸ்ட்கன்ட்ரோல் என்ற வால்வு, தன்னைச் சுற்றியுள்ள வெப்பநிலை 3 டிகிரி அளவுக்கு இறங்கினால், மின்சாரம் இல்லாவிட்டாலும் திறந்து ஹீட்டரில் உள்ள தண்ணீரை வெளியே விட்டுவிடும். அதன் அருகே 7 டிகிரியாவது ஏறினால்தான் மீண்டும் மூட முடியும். குளிர்ந்து கிடந்த வண்டியில் ஏறியதும் தொட்டியை நிரப்பிப் பம்பைப் போடுகிறவர்கள், தண்ணீர் எல்லாம் அடியில் ஒழுகுவதைக் கண்டு ஹீட்டர் உடைந்துவிட்டதாகப் பதறுகிறார்கள். முதலில் வண்டியைச் சூடாக்கி, வால்வை மூடி, அதன் பிறகே தண்ணீர் பிடிக்க வேண்டும்.

கேஸும் பேட்டரியும்

தண்ணீரைக் காப்பது வெப்பம். வெப்பத்தைத் தருவது கேஸும் பேட்டரியும். பியூட்டேன் ஏறத்தாழ மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். குளிர்காலத்தில் புரோப்பேன் சிலிண்டரே வேண்டும், அதுவும் தானாக மாறும் ரெகுலேட்டரோடு இரண்டு இருந்தால் நள்ளிரவில் ஹீட்டர் அணையாது. ஹீட்டரின் விசிறிக்கும் கட்டுப்பாட்டுக்கும் 12 வோல்ட் தேவைப்படுவதால், சிலிண்டர் நிறைய கேஸ் இருந்தும் பேட்டரி தீர்ந்து வண்டி குளிர்ந்துபோகலாம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிகளை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்பதால் அவற்றை அறைக்குள் வைப்பது நல்லது. கேஸ் அடுப்பை அறையைச் சூடாக்கப் பயன்படுத்துவது கார்பன் மோனாக்சைடை வரவழைப்பதாகும். அதற்கான அலாரம் இயங்குகிறதா என்பதையும், ஹீட்டரின் புகைவழியைப் பனி மூடியிருக்கிறதா என்பதையும் தினமும் பார்க்க வேண்டும்.

உறைந்துவிட்டால்

காலையில் குழாயைத் திறந்து ஒன்றும் வராவிட்டால், செய்ய வேண்டிய முதல் வேலை பம்பை அணைப்பது. எல்லாக் குழாய்களையும் திறந்து வைத்து, எந்தக் குழாயில் வருகிறது, எதில் வரவில்லை என்று பார்த்தால் அடைப்பு எந்தப் பகுதியில் இருக்கிறது என்பது புலப்படும். எதிலும் வராவிட்டால் பம்பையோ அதற்கு முந்தைய பைப்பையோ சந்தேகிக்கலாம். தண்ணீர் வந்து வெந்நீர் மட்டும் வராவிட்டால் ஹீட்டர் பக்கம். அறை வெப்பத்தை ஏற்றி, அலமாரிகளைத் திறந்து, ஹேர் டிரையரின் காற்றைக் குழாய்ப் பக்கத்திலிருந்து தொடங்கி உள்நோக்கி மெதுவாக நகர்த்த வேண்டும். அப்போதுதான் உருகிய தண்ணீருக்கு வெளியேற வழி இருக்கும். தீச்சுடரை எந்த இடத்திலும் காட்டக் கூடாது. கழிவு வால்வு உறைந்திருந்தால் அதன் பிடியை வலுவாக இழுக்காதீர்கள், கம்பி கையோடு வந்துவிடும். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிச் சற்றுப் பொறுத்திருந்தால் இளகும்.

உருகிய பிறகுதான் உடைப்பு தெரியவரும், ஏனெனில் அதுவரை பனிக்கட்டியே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். எல்லாக் குழாய்களையும் மூடி, பம்பைப் போட்டு, அது அழுத்தம் ஏற்றி நின்ற பிறகு கால் மணி நேரம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். யாரும் தண்ணீரைப் பயன்படுத்தாமல் இருக்கையில் பம்பு இடையிடையே ஓரிரு நொடி ஓடினால் எங்கோ கசிகிறது. பைப் இணைப்புகளைச் சுற்றி டிஷ்யூ தாளை அழுத்திப் பார்த்தால் ஈரம் காட்டிக்கொடுக்கும். கசிவு தென்பட்டால் பம்பை அணைத்து, அமைப்பு முழுவதையும் வடித்துவிட்டு, பாகம் மாற்றப்படும் வரை கேன் தண்ணீரிலேயே மீதிப் பயணத்தை முடித்துக்கொள்ளலாம்.

குளிர்காலம் முடிந்து அமைப்பை மீண்டும் நிரப்பும்போது, உறைதடுப்புத் திரவத்தின் நிறமும் நுரையும் போகும் வரை நல்ல தண்ணீரால் கழுவி, பிறகு வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச்சை லிட்டருக்கு 1 மில்லிலிட்டர் வீதம் கலந்து எல்லாக் குழாய்களுக்கும் வரச்செய்து, நான்கு மணி நேரம் நிற்கவிட்டு, குளோரின் வாடை போகும் வரை மறுபடியும் கழுவிய பின்னரே குடிக்கப் பயன்படுத்த வேண்டும். ஹீட்டரை பைபாஸிலிருந்து மாற்றி, வெந்நீர்க் குழாயில் தண்ணீர் தடையின்றி வருவதைப் பார்த்த பிறகு, சுவிட்சின் மேல் ஒட்டிய டேப்பை எடுத்துவிடலாம்.